கரண்ட் இல்லாத மதியம், வொர்க் ஃப்ரம் ஹோம் பத்தி கொஞ்சம் மனசு விட்டு

வணக்கம் மக்களே, எல்லாரும் எப்படி இருக்கீங்க. மூஞ்சில வழியுறது வேர்வை தான், கண்டுக்காதீங்க, இன்னைக்கு எங்க ஏரியாவுல மாசாந்திர ஷட்டவுன், காலைல 9:45க்கு போன கரண்ட்டு இன்னும் வரல, இன்வெர்ட்டர் 2 மணி வரைக்கும் இழுத்துச்சு, அப்புறம் கீங்க்னு ஒரு சத்தம் போட்டுட்டு படுத்துருச்சு. சரின்னு அரை நாள் லீவு போட்டுட்டு ஜன்னல் ஓரமா போன சாய்ச்சு வெச்சு உக்காந்துட்டேன். பாக்குறவங்கல்ல பாதிப்பேரு ரொம்ப நாளா இதத்தான் கேக்குறீங்க, அக்கா நீங்க மெட்ராஸ விட்டு திருச்சிக்கே வந்துட்டீங்களே, வீட்டுலேர்ந்தே வேலை பாக்கறது ஒத்துவருதா, நாங்களும் கேக்கலாமான்னு. அத பேசுறதுக்கு இத விட பொருத்தமான நாள் கிடைக்காது பாத்துக்கோங்க.

நான் ஐடில சாஃப்ட்வேர் டெஸ்டிங்ல இருக்கேன், 2020 மார்ச்ல லாக்டவுன் போட்டப்போ லேப்டாப்ப பைக்குள்ள திணிச்சுட்டு வந்த கூட்டத்துல நானும் ஒருத்தி, அப்போ மேடவாக்கத்துல வாடகைக்கு இருந்தோம். அப்புறம் வாரத்துக்கு 3 நாள் ஆபீஸ்னு ஆச்சு, அதுக்கப்புறம் வீட்டுக்காரருக்கு திருச்சி மாத்தல். எங்க கம்பெனில ரெண்டே வழி தான் சொன்னாங்க, ஒண்ணு 3 நாள் வா, இல்ல முழுசா வீட்டுலேர்ந்தே பாரு ஆனா மாசத்துக்கு 2 நாள் மெட்ராஸ்ல சோழிங்கநல்லூர் ஆபீஸ்ல மூஞ்ச காட்டணும்.

நாங்க என்ன பண்ணோம், எல்லாரையும் போல ஒரு பேப்பர எடுத்து கணக்கு போட்டோம். வாடகை 17,500, மெயின்டனன்ஸ் 2,000, பாப்பாவ சாயங்காலம் வரைக்கும் பாத்துக்கற டேகேருக்கு 6,000, ஆக மாசம் 25,500 மிச்சம்! உறையூர்ல மாமியார் வீடு சொந்த வீடு, வேற என்ன வேணும், அன்னைக்கே ஓகே சொல்லி மெயில தட்டி விட்டேன். இப்போ யோசிச்சா அந்த பேப்பர்ல காச தவிர ஒண்ணுமே இல்ல. காலைல 6 மணிலேர்ந்து ராத்திரி 10 வரைக்கும் யாரு எங்க இருப்பா, எந்த ரூம்ல எவ்ளோ சத்தம் இருக்கும், கதவு தொறந்தா யாரு எந்திரிச்சு போவா, இத எழுதிருக்கணும். எழுதிருந்தா அப்பவே தெரிஞ்சிருக்கும், கதவு சாத்துற மாதிரி ஒரு ரூம் கூட எனக்கு கிடையாதுன்னு.

காச பத்தியும் சொல்லிடறேன், ஏன்னா அதுலயும் ஓட்டை இருந்துச்சு. கரண்ட்டு பில்லு நமக்கு ரெண்டு மாசத்துக்கு ஒரு தடவ வருது இல்லியா, மொத 100 யூனிட் ஃப்ரீ, அது எல்லாருக்கும் தெரியும். ஆனா 500 தாண்டினா தாண்டுன யூனிட்டுக்கு மட்டும் தான் ரேட்டு ஏறும்னு நான் நெனச்சிட்டு இருந்தேன், இல்லங்க, 100லேர்ந்து 200 வரைக்கும் ஒரு கம்மி ரேட்டு குடுக்கறாங்கல்ல, அந்த சலுகையும் சேந்தே போயிடும். எங்களுக்கு ஒரு தடவ 490 யூனிட், அடுத்த தடவ 510, வெறும் 20 யூனிட் தான் வித்தியாசம், பில்லு கிட்டத்தட்ட 400 ரூவா எகிறிச்சு! அதுலேர்ந்து ரீடிங் எடுக்க வர்றதுக்கு ஒரு வாரம் முன்னாடியே நானே போயி மீட்டர பாத்துடுவேன், பகல்ல ஏசி மதியம் ரெண்டு மணி நேரம் மட்டும் தான். ஹெச்ஆர்ஏ, அதான் சம்பளத்துல வர்ற வாடகைப்படி, அத பாக்கறவங்க இன்னொண்ணும் கவனிங்க, வருமான வரில நியூ ரெஜிம்ல இருந்தீங்கன்னா வாடகைக்கு வரி விலக்கே கிடையாது, பழைய ரெஜிம்ல இருந்து வாடகை வீட்ட காலி பண்றவங்களுக்கு தான் அந்த விலக்கு போகும், அதையும் கணக்குல சேத்துக்கோங்க.

அப்புறம் நெட்டு. ரவுட்டருக்கு 12 வோல்ட் குட்டி யுபிஎஸ் ஒண்ணு விக்கிறாங்க, அத வாங்கி மாட்டிட்டு பெரிய புத்திசாலின்னு நெனப்பு எனக்கு. மொத ஷட்டவுன்ல பாத்தா ரவுட்டர் எரியுது, நெட்டு இல்ல, என்னன்னு ஃபைபர் போட்ட தம்பிக்கு போன் பண்ணா, அக்கா உங்க வீட்டுல கரண்ட் இருக்கு, கம்பத்துல இருக்கற எங்க பாக்ஸுக்கு இல்லயேங்கறான். சிரிக்கறதா அழறதா. அதனால நெட்டு வாங்கறதுக்கு முன்னாடி உங்க தெருவுல கரண்ட் போனா லைன் நிக்குமா நிக்காதான்னு பக்கத்து வீட்டுல கேளுங்க, ப்ளான்ல எத்தன எம்பிபிஎஸ்னு பாக்கறது எல்லாம் அப்புறம். கைல வேற கம்பெனி சிம் ஒண்ணு ஹாட்ஸ்பாட்டுக்குன்னே இருக்கட்டும். சேர் பத்தி ஒரே வரி, டைனிங் டேபிள் சேர்ல மூணு மாசம் உக்காந்தா இடுப்பு போயிடும், பழைய ஆபீஸ் சாமான் விக்கற கடைல 3,200க்கு ஒண்ணு வாங்கினேன், புதுசு எல்லாம் தேவையில்ல.

சரி, இப்போ கதவு மேட்டருக்கு வரேன்.

எங்க அத்தை தங்கமான மனுஷி, அத மொதல்ல சொல்லிடறேன், இந்த வீடியோவ அவங்களும் பாப்பாங்க. ஆனா அவங்க பார்வைல வேலைன்னா சேலைய கட்டிட்டு பஸ் ஏறி போறது தான். நான் ஹெட்செட்ட மாட்டிட்டு பேசினா யாரோ ஃப்ரெண்டு கிட்ட பேசறேன்னு நெனச்சு ஏம்மா அந்த தேங்காய கொஞ்சம் துருவிக்கிட்டே பேசேன்னு கொண்டாந்து வெப்பாங்க. சிலிண்டர் வந்தா நான், தண்ணி கேன் வந்தா நான், எதிர் வீட்டு பார்சல், மாடி வீட்டு பார்சல் எல்லாம் என்கிட்ட தான், நீதான் வீட்டுலயே இருக்கியேம்மா! ஒரு நாள் க்ளையன்ட் கால்ல நான் ஸ்க்ரீன் ஷேர் பண்ணி சாஃப்ட்வேர்ல இருக்கற பக் ஒண்ண, அதான் தப்ப, விளக்கிட்டு இருக்கேன், குக்கர் மூணாவது விசில் அடிக்குது, அத்தை உள்ளேர்ந்து அத அமத்தும்மாங்கறாங்க, அந்தப் பக்கம் எங்க டீம் லீடு சிரிப்ப அடக்க முடியாம மியூட் போட்டுட்டாரு.

அன்னைக்கு ராத்திரி ஒரு யோசனை வந்துச்சு. ஆபீஸ் ஐடி கார்ட எடுத்து கழுத்துல மாட்டிக்கிட்டேன். பாப்பா கிட்டயும் அத்தை கிட்டயும் சொன்னேன், டேக் கழுத்துல இருந்தா நான் சோழிங்கநல்லூர்ல இருக்கேன், கழட்டி ஆணில மாட்டிட்டா உறையூர். நம்ப மாட்டீங்க, வேலை செஞ்சுச்சு! அத்தை வருவாங்க, கழுத்த பாப்பாங்க, திரும்பி போயிடுவாங்க, டீய மட்டும் சத்தமில்லாம வெச்சுட்டு போவாங்க. ரெண்டு வாரம் சொர்க்கம். அப்புறம் ஒரு நாள் காலைல டேக்க காணோம், வீடு பூரா தேடறோம், ஸ்டாண்ட் அப், அதான் டீமோட தினசரி மீட்டிங், ஆரம்பிச்சிருச்சு, பாத்தா அம்மா ஆபீஸ் போகக் கூடாதுன்னு பாப்பா அத கொண்டு போயி அரிசி டிரம்முக்குள்ள புதைச்சு வெச்சிருக்கா. ஆறு வயசு. என்னத்த திட்டுறது, அன்னைக்கு அவள மடில வெச்சுக்கிட்டே தான் கால் முடிச்சேன்.

மாசத்துக்கு 2 நாள் கதைய கேளுங்க. மலைக்கோட்டைல ராத்திரி ஏறுனா விடியக்காலைல எழும்பூர், கேக்க சுளுவா இருக்கும். ஆனா முன்பதிவு 2024 நவம்பர்லேர்ந்து 60 நாளைக்கு முன்னாடி தான் தொறக்குது, அது பரவால்ல, எந்த ரெண்டு நாள்னு எங்க ஆபீஸ்ல முந்தின வெள்ளிக்கிழமை தான் சொல்லுவாங்க, அப்போ தட்கல் தான் கதி. ஸ்லீப்பர் தட்கல் 11 மணிக்கு தொறக்கும், எங்க ஸ்டாண்ட் அப்பும் 11 மணி. நான் யெஸ்டர்டே ஐ வொர்க்டு ஆன்னு வாய்ல சொல்லிட்டே கைல கேப்ச்சா அடிச்சிட்டு இருப்பேன். ஆகவே நீங்க கேக்கறப்பவே எந்த நாள், போக்குவரத்து செலவு யாரோடது, இதெல்லாம் மெயில்ல வாங்கிடுங்க. வாய்ல ஓகேம்மான்னு சொன்ன மேனேஜர் நாளைக்கு வேற டீமுக்கு போயிட்டா அந்த ஓகேவும் அவரோடயே போயிடும். அவ்ளோ பெரிய ஐடி கம்பெனி டிசிஎஸ்ஸே 2023 அக்டோபர்லேர்ந்து வாரம் 5 நாள் ஆபீஸ் வரணும்னு கூப்டுட்டாங்க, அதனால மெட்ராஸ்ல கட்டில் பீரோ எல்லாத்தையும் வித்துட்டு கெளம்பாதீங்க.

கொழந்த பொறந்து லீவு முடியப் போற தங்கச்சி ஒருத்தங்க கேட்டிருந்தீங்க. 2017ல மகப்பேறு சட்டத்த திருத்துனப்போ 26 வாரம் லீவோட, லீவுக்கு அப்புறம் வேலையோட தன்மை ஒத்துவந்தா ரெண்டு பேரும் பேசி வீட்டுலேர்ந்து பாக்கலாம்னும் சேத்திருக்காங்க. உரிமைன்னு அடிச்சு கேக்க முடியாது, ஆனா சட்டத்துலயே இருக்கற விஷயம்னு ஹெச்ஆர் கிட்ட எடுத்து வெக்கலாம், கூச்சப்படாதீங்க.

அப்புறம் எனக்கு ஒரு வொர்க் ஃப்ரம் ஹோம் வேலை வாங்கி குடுங்கன்னு கேக்கறவங்க, டெலிகிராம்ல வீடியோவுக்கு லைக் போட்டா காசு, மொதல்ல 150 வரும், அப்புறம் 5,000 கட்டு 7,000 தரேன்பான், அதெல்லாம் வேலையே இல்ல, நம்மள கட்ட வெச்சா அது அவனுக்கு தான் வேலை. கட்டித் தொலைச்சிருந்தா வெக்கப்பட்டுட்டு உக்காராம உடனே சைபர் க்ரைம் ஹெல்ப்லைன் 1930க்கு போன் போடுங்க, லேட் ஆக ஆக காசு கை மாறிடும்.

இப்போ கேட்டா திரும்ப மேடவாக்கம் போவியான்னா, மாட்டேன். ஆனா ரூமுக்கு கதவு போடறதுக்கு ஆசாரிய வர சொல்லிருக்கேன், அவரும் நாளைக்கு நாளைக்குன்னு ஒரு மாசமா... ஐயோ ஃபேன் சுத்துது! கரண்ட் வந்துருச்சு! மணி 3:10. அத்தை உள்ளேர்ந்து மோட்டார போடுங்கறாங்க, கேக்குதா? டேக் கழுத்துல இல்லல்ல, அதான். இருங்க, போயி மோட்டார போட்டுட்டு வரேன், வரேன்த்தே...