அரையாள் என்று யார் சொன்னது?

நேயர்களுக்கு வணக்கம். வானொலியில் ஒரு வசதி உண்டு, என்னை நீங்கள் பார்க்க முடியாது. அதனால் நானே சொல்லிவிடுகிறேன். என் உயரம் 4 அடி 10 அங்குலம். முப்பது வருஷம் டீச்சராக இருந்தேன். பிள்ளைகள் நடுவே நின்றேனென்றால் பெரிய வாத்தியார் என்னைத் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும். இங்கேயும், நான் உட்கார்ந்ததும் நடந்த முதல் வேலை மைக்கைக் கீழே இறக்கியதுதான். கற்பனைக் காட்டில் வாழும் குள்ள மனிதர்களைப் பற்றிப் பேச ஆள் தேடியபோது என்னை எப்படி நினைத்துக்கொண்டார்கள் என்று நான் கேட்கவில்லை.

விஷயம் தென்னாப்பிரிக்காவில், டர்பன் நகரத்துச் சாட்ஸ்வொர்த்தில் இருக்கிற எங்கள் வீட்டுச் சமையலறை மேசையில் தொடங்கியது. சனிக்கிழமை மத்தியானம் பேரனும் பேத்தியும் பக்கத்து வீட்டுப் பிள்ளைகளும் ஒரு விளையாட்டு ஆடுவார்கள். ஒருவர் கதை சொல்ல, மற்றவர்கள் கதைக்குள் ஆளுக்கொரு வேஷம் எடுத்துக்கொள்கிறார்கள். வெற்றியா தோல்வியா என்பதைப் பகடை சொல்லும். ஆறு முகப் பகடை இல்லை, இருபது முகம். தாயக்கட்டை உருட்டி வளர்ந்த எனக்கு அதைப் பார்த்தாலே தலை சுற்றும்.

அந்தக் கதை உலகத்தில் மூன்றடி உயரத்தில் ஒரு ஜனம் இருக்கிறது. ஆங்கிலத்தில் ஹாஃப்லிங் என்கிறார்கள். "ஆயா, இதுக்குத் தமிழ்ல என்ன?" என்று பேரன் கேட்டான். வடைக்கு மாவு தட்டிக்கொண்டே, யோசிக்காமல் சொல்லிவிட்டேன்: "அரையாள்."

சொன்ன பிறகுதான் அந்தச் சொல் சுருக்கென்று தைத்தது. எங்கள் தாத்தா வாயில் கேட்ட சொல் அது. சின்னப் பையனாகத் தொங்காட் பக்கம் கரும்புக் காட்டில் இறங்கியவர். "எனக்கு அரையாள் கூலிதான், ஆனா வெட்டினது முழுக் கரும்பு" என்பார். 1860-ல் ட்ரூரோ கப்பல் மதராஸிலிருந்து டர்பனுக்கு வந்ததில் ஆரம்பித்து 1911 வரைக்கும் ஒப்பந்தக் கூலிகளாக நம் ஜனம் இங்கே வந்து இறங்கியது. ஆணுக்கு முதல் வருஷச் சம்பளம் மாதம் 10 ஷில்லிங். பெண்ணுக்கு அதில் பாதி. ரேஷனும் பாதி. அப்படிப் பார்த்தால் எங்கள் குடும்பத்தில் பெண்கள் எல்லாருமே அரையாள்தான், உயரம் எதுவாக இருந்தாலும்.

பிறகு அகராதியைப் புரட்டினேன். ஆங்கிலச் சொல்லின் கதையும் கிட்டத்தட்ட அதே கதை. ஸ்காட்லாந்தில் ஹாஃப்லின் என்றால் முழுசாக வளராத பையன், பண்ணையில் வேலைக்கு நிற்கிற பொடியன். விளையாட்டுக்குள் அது வந்த விதம் வேறு. 1974-ல் டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ் என்ற இந்த மாதிரிக் கதை விளையாட்டு வெளிவந்தபோது டோல்கீன் என்ற ஆங்கில நாவலாசிரியர் உண்டாக்கிய ஹாபிட் என்ற பெயரையே எடுத்துப் போட்டிருந்தார்கள். உரிமைக்காரர்கள் மறுப்புச் சொல்ல, பிந்திய பதிப்புகளில் ஹாஃப்லிங் என்று மாற்றினார்கள். அந்த நாவலாசிரியர் பிறந்தது நம் புளூம்ஃபொண்டைனில், 1892-ல். மூன்று வயதில் இங்கிலாந்து போய்விட்டார்.

ஆக, இன்னொருவன் அளந்து வைத்த பேர் அது. மூன்றடிக்காரன் தன் வீட்டில் உட்கார்ந்துகொண்டு "நான் பாதி" என்று சொல்வானா? எங்கள் பிள்ளைகளிடம் இதைத்தான் கேட்டேன். இரண்டு வாரம் சண்டை போட்டு ஒரு பேர் வைத்தார்கள்: வேரடியார். பெரிய மரங்களின் வேர்க்கால்களுக்கு நடுவே வீடு கட்டுகிறவர்கள். நம்மைப் போன்ற உயரக்காரர்களுக்கு அவர்கள் வைத்த பேர் தலைமுட்டிகள். வீட்டுக்குள் வந்தால் உத்தரத்தில் முட்டிக்கொள்கிற கூட்டம் என்று அர்த்தம். என்னையும் "நம்மை" என்று சேர்த்துக்கொண்டதற்கு மன்னிக்கவும், ஆசைதான்.

அப்புறம் அவர்கள் எப்படி வாழ்வார்கள் என்ற கேள்வி. பிள்ளைகள் முதலில் எழுதியது எல்லாக் கதையிலும் வருகிற குள்ளர்கள்தான்: சிரிப்பார்கள், தின்பார்கள், பாடுவார்கள். நான் ஒரே ஒரு யோசனை சொன்னேன். மேசைக்கு அடியில் போய் உட்கார்ந்து பாருங்கள், அங்கிருந்து எழுதுங்கள். போனார்கள். நம் கரையோரக் காடுகளில் நீல டைக்கர் என்று ஒரு குட்டி மான் உண்டு. தோள்பட்டை வரைக்கும் ஓரடிதான், எடை நாலைந்து கிலோ. அது புதருக்குள் வைத்திருக்கிற ஒற்றையடித் தடம் நம் கண்ணுக்கு வெறும் முள். வேரடியாருக்கு அதுதான் ராஜபாட்டை. தலைமுட்டிகள் வரைந்த வரைபடத்தில் அந்தக் காட்டுக்குள் பாதையே கிடையாது.

சாப்பாட்டுக்கு மடும்பி, நம் சேப்பங்கிழங்கு. இதைப் பேத்தி யுத்த தந்திரமாக்கிவிட்டாள். சேப்பங்கிழங்கைச் சரியாக வேகவைக்காமல் வாயில் போட்டால் தொண்டை அரிக்கும். அதில் ஊசி ஊசியாக ஒருவகை உப்புப் படிகம் இருக்கிறது, நன்றாக வெந்தால்தான் அடங்கும். கொள்ளையடிக்க வந்த படை கிழங்கைத் திருடி அவசரத்தில் அரைவேக்காடாகத் தின்கிறது. மறுநாள் தளபதிக்குக் கட்டளை போடக் குரல் இல்லை. வேரடியார் ஒரு அம்புகூட விடவில்லை. புளி ஊற்றி வேகவைக்கத் தெரியாதவனுக்குக் காட்டில் என்ன வேலை என்று அவர்கள் ஊரில் பழமொழி.

தேன் எடுக்க ஒரு குருவி கூட்டிப்போகிறது. இது கற்பனை இல்லை, ஆப்பிரிக்காவில் நிஜமாக இருக்கிறது. கத்திக் கத்தி மனிதரைக் கூட்டுக்கு அழைத்துப்போகும். தேன் நமக்கு, மெழுகும் புழுவும் அதற்கு. அடையில் ஒரு துண்டு விட்டு வைக்காவிட்டால் அடுத்த முறை சிறுத்தையிடம் கொண்டுபோய் விடும் என்று இங்கே பெரியவர்கள் சொல்வார்கள். எங்கள் வேரடியார் குருவியின் பங்கை முதலில் வைத்துவிட்டுத்தான் தாங்கள் நக்குவார்கள்.

"கள்ளனை நம்பினாலும் குள்ளனை நம்பாதே" என்று நம்மில் ஒரு பழமொழி இருக்கிறதே, அதைச் சின்ன வயதில் என்னிடம் சொல்லாத சொந்தக்காரர் இல்லை. சிவன் கல்யாணத்துக்கு உலகமே வடக்கே போய், பூமி ஒரு பக்கம் சாய்ந்தபோது தெற்கே அனுப்பப்பட்டது யார்? குறுமுனி அகத்தியர். பொதிகைக் காட்டில் போய் உட்கார்ந்து பூமியைச் சமன் செய்தவர். கொஞ்சம் வளர்ந்த பிறகு சொந்தக்காரர்களுக்கு நான் சொல்லிவந்த பதில் அது.

சுலு ஜனங்களிடமும் சின்ன மனிதர் கதை உண்டு. அபத்வா என்பார்கள். புல்லுக்கு அடியில் ஒளிந்துகொள்ளும் அளவுதான் ஆள், கையில் விஷ அம்பு. எதிர்ப்பட்டால், "என்னை முதலில் எங்கிருந்து பார்த்தாய்?" என்று கேட்பார். "இப்பத்தான் பார்த்தேன்" என்றால் தொலைந்தோம். "அதோ அந்த மலையிலிருந்தே பார்த்துவிட்டேன்" என்று சொல்ல வேண்டும், அவ்வளவு தூரத்துக்கே தெரிகிற பெரிய ஆள் என்று அர்த்தம். அபத்வா என்பது நிஜத்தில் இந்த மண்ணின் ஆதிகுடிகளான சான் மக்களுக்குச் சுலு மொழியில் உள்ள பேர். டிராக்கன்ஸ்பர்க் மலைக் குகைகளில் மான்களை வரைந்து வைத்தவர்கள். 19-ஆம் நூற்றாண்டில் அந்த மலைகளிலிருந்து அவர்களைத் துரத்தினார்கள். ஓவியம் இருக்கிறது, கதையில் ஒரு கேள்வி இருக்கிறது.

அந்தக் கேள்வியை வேரடியார் வாசலில் வைக்கலாமே என்றேன். போன சனிக்கிழமை பேரன் தலைமுட்டி வியாபாரியாக உப்பு மூட்டையோடு வந்தான். வாசல் காவல் பேத்தி. பதில் தெரிந்த மிதப்பில், "மலையிலிருந்தே பார்த்தேன்" என்றான். அவள் கையைக் கட்டிக்கொண்டாள். "பொய். மலைக்கும் எனக்கும் நடுவுல காடு. மரத்தைத் தவிர ஒண்ணும் தெரியாது. எங்க ஊர்ல வேற கேள்வி: என்னை முதல்ல எப்ப கேட்டே?"

காட்டில் கண்ணைவிடக் காதுதானே முந்தும்! எனக்குத் தோன்றவே இல்லை.

அவன் பகடையைக் கையில் உருட்டி உருட்டிப் பார்த்துவிட்டு, "கேக்கவே இல்லை" என்றான். அவ்வளவு சத்தமில்லாமல் நடக்கிறாய் என்று புகழ்ந்தானாம். அவளோ, நான் பேசிக்கொண்டே நின்றேன், நீ காதில் போட்டுக்கொள்ளவில்லை, அது அவமரியாதை என்கிறாள். இரண்டு பேரும் தீர்ப்புக்கு என்னைப் பார்த்தார்கள். வடை கருகுகிறது என்று எழுந்துவிட்டேன்.

வியாபாரி இன்னும் வாசலில்தான் நிற்கிறான், தோளில் மூட்டையோடு. நாளைக்குச் சனிக்கிழமை. வணக்கம்.