நோட்டுக்கு வச்ச மை

நடுவர் அவர்களே, அணித் தலைவர் அவர்களே, அவையோரே, எல்லாருக்கும் சேர்த்து ஒரே வணக்கம். எட்டு நிமிஷம்தான் கொடுத்திருக்காங்க.

நோட்டால் ஓட்டுக்கு மதிப்பா, ஓட்டால் நோட்டுக்கு மதிப்பா? நாங்க ரெண்டாவது கட்சி. பார்த்தீங்களா, கட்சின்னு சொன்னதும் முன்வரிசை நிமிர்ந்து உட்காருது. அணி சார், அணி!

எதிரணியில பேசின தம்பி கை தட்டல் வாங்கிட்டுப் போனாரே, என்ன கேட்டார்? "ஐநூறு ரூபாயைக் காட்டினா கடைக்காரர் அரிசி போடுவார். மை வச்ச விரலைக் காட்டினா என்ன போடுவார்?" தம்பி, தேர்தல் அன்னைக்கு மை விரலைக் காட்டினா பில்லுல தள்ளுபடின்னு போர்டு வைக்கிற ஓட்டல்கள் இருக்கு. நீங்க ஓட்டுப் போட்டிருந்தா பார்த்திருப்பீங்க.

சரி, மைன்னு நீங்களே எடுத்துக் கொடுத்துட்டீங்க. நான் வேற பாயிண்ட் நாலஞ்சு எழுதிட்டு வந்தேன். ஐநூறை அஞ்சு வருஷத்தால வகுத்து ஒரு நாளைக்கு இத்தனை பைசான்னு ஒரு கணக்கு இருக்கு, அதை எல்லா மேடையிலயும் சொல்லியாச்சு. காகிதத்தை மடிச்சு வச்சுட்டு எங்க அப்பாயி கதையைச் சொல்றேன்.

எங்களுக்குத் தஞ்சாவூர், கீழவாசல் பக்கம். 2016 மே மாசம் சட்டமன்றத் தேர்தல். ராத்திரி ரெண்டு பேர் வந்து அப்பாயி கையில ஒரு ஐநூறு ரூபாய்த் தாளை வச்சுட்டுப் போனாங்க. எந்தக் கட்சின்னு சொல்லமாட்டேன், மைக்கைப் பிடுங்கிடுவாங்க. "ஏன் வாங்கினே"ன்னு அப்பா சத்தம் போட்டார். அப்பாயி சொன்னாங்க: "வேணாம்னா இவ அந்தக் கட்சின்னு தெருவுக்கே சொல்லுவான்டா. வாங்கினா அவன் போயிடுவான்." இதுதாங்க நம்ம ஊரு நிலவரம்!

அப்புறம் என்ன ஆச்சு? பணப் பட்டுவாடா புகார்னு தேர்தல் ஆணையம் தஞ்சாவூர், அரவக்குறிச்சி ரெண்டு தொகுதிக்கும் முதல்ல தேதியைத் தள்ளி வச்சுது, பிறகு தேர்தலையே ரத்து பண்ணிடுச்சு. காசு வந்தாச்சு, ஓட்டு இல்ல. நாமளா இருந்தா அன்னைக்கே அல்வா வாங்கியிருப்போம். அப்பாயி அந்தத் தாளை மட்டும் மஞ்சத் துணியில முடிஞ்சு தனியா வச்சுட்டாங்க. கேட்டா, "வேலை செய்யாம கூலி எடுக்கலாமா?" எது வேலைன்னு நாங்க கேக்கல, பயம்.

நவம்பர் 8, ராத்திரி எட்டு மணி. ஐநூறு, ஆயிரம் செல்லாது! அப்பாயி அப்ப சென்னையில எங்க அத்தை வீட்டுல. சுருக்குப் பையில ஐநூறு ரூபாய்த் தாள் பத்து. 17-ஆம் தேதி வரிசையில நிக்கிறாங்க, கால் கடுக்க. அன்னைக்கு நாலாயிரத்து ஐநூறு வரைக்கும்தான் மாத்தித் தருவாங்க. ஒம்பது தாள் கொடுத்தாச்சு. அத்தை, "மிச்சம் ஒண்ணை அண்ணன்கிட்ட கொடுத்து மாத்திக்கலாம்மா"ங்குது. அப்பாயி, "அது மாத்துற காசு இல்லடி"ங்குறாங்க. மஞ்சத் துணி!

அப்ப வங்கியில ஒரு வேலை பண்ணாங்க, ஞாபகம் இருக்கா? ஒரே ஆளு திரும்பத் திரும்ப வரக்கூடாதுன்னு வலது கை ஆள்காட்டி விரல்ல மை. எந்த மை? 1962-லேருந்து தேர்தலுக்கு வைக்கிறோமே, மைசூர்ல தயாராகுற அதே மை! இடைத்தேர்தல் நேரத்துல குழப்பம் வரும்னு தேர்தல் ஆணையம் நிதி அமைச்சகத்துக்குக் கடிதமே எழுதுச்சு.

19-ஆம் தேதி தஞ்சாவூர்ல தேர்தல். ரத்தான அதே தேர்தல்! ரயிலேறி வந்துட்டாங்க அப்பாயி. வாக்குச்சாவடியில கையெழுத்துப் போட வலது கையை நீட்டுனதும் அதிகாரி பதறிட்டார். "என்ன பாட்டி, ஏற்கனவே மை இருக்கு?"

அப்பாயி சொன்னாங்க: "தம்பி, இது நோட்டுக்கு வச்ச மை. ஓட்டுக்கு இந்தக் கை." இடது கையை நீட்டுனாங்க.

நடுவர் அய்யா, இன்னொரு தடவை சொல்றேன், பின்னால இருக்கிறவங்களுக்குக் கேக்கல. இது நோட்டுக்கு வச்ச மை, ஓட்டுக்கு இந்தக் கை! தம்பி கேட்டாரே, மை விரலைக் காட்டினா என்ன கிடைக்கும்னு? நோட்டு செத்த அன்னைக்கு, நோட்டை மாத்தப் போனவனும் மை விரலோடதான் திரும்பி வந்தான்!

நோட்டுல ரிசர்வ் வங்கி கவர்னர் கையெழுத்துப் போட்டு உறுதி சொல்றார். அவருக்கு ஜாமீன் மத்திய அரசு, ரிசர்வ் வங்கிச் சட்டம் 26-ஆவது பிரிவு. ரிசர்வ் வங்கி பரிந்துரைச்சா செல்லாதுன்னு அறிவிக்கிற அதிகாரமும் அதே பிரிவுலதான். அந்த அரசுக்கு ஜாமீன் யாரு? கீழவாசல் கிழவி! ஜாமீன்தாரருக்கே ஐநூறு கொடுக்க வர்றாங்களே, சிரிப்பா இல்ல? ஜனாதிபதி தேர்தல்ல நம்ம எம்.எல்.ஏ. ஓட்டுக்கு மதிப்பு 176. ரூபாய் இல்லீங்க. 1971 ஜனத்தொகையை 234-ஆல வகுத்து, மறுபடி ஆயிரத்தால வகுத்த கணக்கு. அவர் ஓட்டோட மதிப்பே நம்ம தலையை எண்ணி வந்தது.

மணி அடிக்கிறீங்க. ஒரே நிமிஷம் அய்யா.

அப்பாயி யாருக்கு ஓட்டுப் போட்டாங்கன்னு கடைசி வரைக்கும் சொல்லல. அப்பா கேட்டார், நான் கேட்டேன், அத்தை போன்ல கேட்டுச்சு. சிரிப்பாங்க, அவ்வளவுதான். அடுத்த தை மாசம் போயிட்டாங்க. டிரங்குப் பெட்டியைத் திறந்தா மேலாப்புல மஞ்சத் துணி. உள்ளே அந்த ஐநூறு, மடிப்புக் கலையாம. எந்தக் கடையிலயும் செல்லாது. அப்பா அதைக் கையில வச்சுக்கிட்டு ரொம்ப நேரம் நின்னார்.

குளிப்பாட்டும்போது அத்தைதான் முதல்ல பார்த்துச்சு. வலது கையில வங்கி மை சுத்தமாப் போயிருந்தது. இடது கை விரல்ல, நகத்து நுனியில மட்டும் ஊதாவா ஒரு கீத்து. மஞ்சள் தேய்ச்சாங்க, சீயக்காய் போட்டாங்க. அது போகல. "விடுங்கடி, அது அப்படியே இருக்கட்டும்"னு அத்தை அந்தக் கையைத் தன் மடியில வச்சுக்கிச்சு.