சாவி யார் கையில்?

நேயர்களுக்கு வணக்கம்.

பழைய கட்டடம் ஒன்றைக் கலைக்கூடமாக மாற்றப்போகிறோம் என்று அறிவிப்பு வந்தால், அடுத்து என்ன நடக்கும் என்பதை நீங்களே சொல்லிவிடுவீர்கள். ஆளுங்கட்சி வரைபடத்தைச் சுருட்டிக்கொண்டு வரும். மருந்து வாங்கப் பணமில்லை, பாழடைந்த சுவருக்குப் பூச்சு கேட்கிறதா என்று எதிர்க்கட்சி மேசையைத் தட்டும். தேர்தல் முடிந்து இருக்கை மாறினால் வசனமும் மாறிக்கொள்ளும். வரைபடம் மட்டும் அதேதான். இருபது ஆண்டுகளாக இப்படிப்பட்ட கூட்டங்களில் கடைசி வரிசையில் உட்கார்ந்திருக்கிறேன். நாடகக்காரன் என்பதால் யார் எந்த இடத்தில் தொண்டையைச் செருமுவார் என்பதுவரை எனக்கு மனப்பாடம்.

அப்படி ஒரு கூட்டம். முகப்புக்கு என்ன நிறம், கல்வெட்டில் யார் பெயர் முதலில் என்று இரண்டரை மணி நேரம் ஓடிவிட்டது. பிள்ளைகளுக்குப் பொம்மலாட்டம் சொல்லிக்கொடுக்கும் ஓர் அம்மா எழுந்தார். மடியில் துணிப்பை, அதிலிருந்து ஒரு பொம்மையின் கை வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. "ஐயா, ஒத்திகை முடிய இரவு எட்டு மணி ஆகும். அதுவரை திறந்து வைப்பீர்களா? சாவி யார் கையில் இருக்கும்?" என்றார். மேடையில் இருந்தவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். "அது பிற்பாடு முடிவு செய்யப்படும்" என்று ஒருவர் குறித்துக்கொண்டார். நானும் என் நோட்டில் குறித்துக்கொண்டேன்: பிற்பாடு.

அன்றிலிருந்து எனக்கு இது ஒரு பைத்தியம் என்றே வைத்துக்கொள்ளுங்கள். எந்தத் திட்டத்தைப் பார்த்தாலும் சாவியைத்தான் தேடுகிறேன். வாடகை எவ்வளவு, முன்பணம் எவ்வளவு, ஞாயிற்றுக்கிழமை திறந்திருக்குமா, செருப்பைக் கழற்றிவிட்டுத் தரையில் உட்கார விடுவார்களா? இவற்றைக் கேட்காமல் நிறத்துக்குச் சண்டை போட்டு என்ன பயன்?

இடத்தை யார் எப்படிப் பயன்படுத்துகிறார்கள் என்று முதலில் பார்த்த ஒருவரைச் சொல்கிறேன். பிரேசில் நாட்டின் சாவ் பாவ்லோ நகரில் இரும்புப் பீப்பாய் செய்த பழைய தொழிற்சாலை ஒன்று கிடந்தது. அதை மக்கள் கூடும் இடமாக மாற்றும் வேலை லினா போ பார்டி என்ற கட்டடக்கலைஞரிடம் வந்தது. 1976இல் முதல்முறை போனபோது காலியான கொட்டகைகளைப் பார்த்தார். தூண்களும் செங்கல்லும் பிடித்துப்போயின. இரண்டாவது முறை போனது ஒரு சனிக்கிழமை. இடம் காலியாக இல்லை! குழந்தைகள் ஓடுகிறார்கள், தாய்மார்கள் அடுப்பு மூட்டிச் சமைக்கிறார்கள், பக்கத்தில் பொம்மலாட்டம். உடைந்த கூரை வழியாக மழை ஒழுக, அந்தத் தண்ணீரிலேயே பையன்கள் பந்து உதைத்துச் சிரிக்கிறார்கள். இந்த மகிழ்ச்சி இப்படியே தொடர வேண்டும் என்று அந்த அம்மையார் எண்ணினார். கட்டடம் ஏற்கெனவே மாறிவிட்டது, நாம் அதைக் கெடுக்காமல் இருந்தால் போதும் என்ற எண்ணம் எத்தனை பேருக்கு வரும்? அலுவலகத்தையே அங்கே கொண்டுபோய் வைத்துக்கொண்டார். கொட்டகைகளை இடிக்கவில்லை, பூச்சைச் சுரண்டிச் செங்கல்லைக் காட்டினார், கூடத்தின் நடுவே வளைந்து போகும் சிறு நீரோடை அமைத்தார். 1982இல் திறந்தார்கள். சனிக்கிழமைக் கூட்டத்தை முதலில் பார்த்துவிட்டுப் பிறகு பென்சிலைத் தொட்டார், அதுதான் விஷயம். நம் கூட்டங்களில் பென்சில் முதலில் வந்துவிடுகிறது.

கட்சிச் சண்டைக்கு வருகிறேன். பாரிஸில் ஓர்சே ரயில் நிலையம் 1900இல் திறக்கப்பட்டது. ரயில்கள் நீண்டன, நடைமேடைகள் நீளவில்லை. 1939க்குள் தொலைதூர ரயில்கள் நின்றுபோயின. பின்னாளில் இடித்துவிட்டு ஓட்டல் கட்டுவதாக இருந்தார்கள். அதற்குள் 1971இல் அதே நகரின் பழைய சந்தைக் கூடங்களை இடித்துத்தள்ள, ஐயோ போய்விட்டதே என்று மக்கள் பதறினார்கள். அந்தப் பதற்றம் ஓர்சேயைக் காத்ததில் ஒரு பங்கு. அருங்காட்சியகமாக்கலாம் என்று 1977இல் முடிவெடுத்தது அப்போதைய பிரெஞ்சு அதிபர் ஜிஸ்கார் காலத்து அரசு. 1981இல் அவரைத் தேர்தலில் தோற்கடித்து அதிபரான மித்தரோன், 1986இல் அதைத் திறந்துவைத்தார். எதிரி தொடங்கியது என்று பூட்டிவைக்கவில்லை. அங்கே நீங்களும் நானும் ஒத்திகை பார்க்க முடியாது என்பது வேறு கதை. சாவி பெரியவர்கள் கையில்.

இடையில் ஒன்று. சுண்ணாம்புக் காரையால் எழுப்பிய சுவரில் சிமென்ட் பூசிவிட்டு, பழைய கட்டடம் ஒத்துவராது, ஈரம் ஏறுகிறது என்று புலம்புகிறார்கள். சுண்ணாம்பு ஈரத்தை வெளியே விடும். சிமென்ட் உள்ளே பூட்டிவைக்கும். செய்த தவறு நம்முடையது, பழி கட்டடத்துக்கு.

கண்ணாடிக்கு அப்பால் வானொலி நிலையத் தோழர் இரண்டு விரலைக் காட்டுகிறார், இன்னும் இரண்டு நிமிடம்தான். தீ பற்றி விரிவாகப் பேச வைத்திருந்தேன். லண்டனில் பேட்டர்சி நகர மண்டபம், 1893இல் திறந்தது, பிற்காலத்தில் கலைக்கூடமானது. 2015இல் அதன் பெரிய கூடம் எரிந்தது, 2018இல் மீண்டும் திறந்தார்கள். மரக் கூரையும் பழைய மின்கம்பியும் உள்ள இடத்தில் விளக்கு போடுகிறவர்கள் நாங்கள்தான், ஆகவே முதல் பொறுப்பும் எங்களுக்குத்தான். சக்கர நாற்காலிக்குச் சாய்தளம், மின்தூக்கி... இப்போது ஒரு விரல்.

உங்கள் பக்கத்தில் இப்படி ஒரு கூட்டம் நடந்தால் போங்கள். கடைசி வரிசையில் இடம் இருக்கும். நிறத்தை அவர்கள் பேசட்டும், நீங்கள் சாவியைக் கேளுங்கள். வணக்கம்.