கிராணி பிரித்த கடிதம்

வணக்கம் நேயர்களே. மலேசியாவில், சுங்கை சிப்புட்டில் கணினிக் கடை வைத்திருக்கிறேன். ஆனால் இன்றைக்குத் தோட்டத்து ஆப்பீசிலிருந்து தொடங்குகிறேன்.

நான் பிறந்த தோட்டத்தில் கடிதமெல்லாம் முதலில் ஆப்பீசுக்குத்தான் வரும். கிராணி, அதாவது ஆப்பீஸ் எழுத்தர், உறையைப் பார்த்து, எந்த லயம் (தொழிலாளர் வீட்டு வரிசை), யார் பெயர் என்று பிரித்து வைப்பார். அந்த ஆள் தோட்டத்தை விட்டே போயிருக்கலாம். அது அவர் கவலையில்லை.

யூனிக்ஸ், லினக்ஸ் கணினிகளில் இந்தக் கிராணி வேலையைப் பார்க்க இரண்டு கட்டளைகள் உண்டு: டிர்நேம் (dirname), பேஸ்நேம் (basename). ஒரு கோப்பின் முழு முகவரியில் கோப்புறைப் பகுதியை முதலாவதும், கோப்பின் பெயரை இரண்டாவதும் பிரித்துத் தரும். பேஸ்நேம் 1979-இல் வந்த ஏழாம் பதிப்பு யூனிக்ஸிலேயே இருந்தது. 'தோட்டம்/லயம்/கல்யாணம்.ஜேபிஜி' என்று கொடுத்தால், டிர்நேம் 'தோட்டம்/லயம்' என்கிறது, பேஸ்நேம் 'கல்யாணம்.ஜேபிஜி' என்கிறது. கூடவே '.ஜேபிஜி' என்றும் கொடுத்தால் வாலை நறுக்கிவிட்டு 'கல்யாணம்' மட்டும் தரும். சாய்கோடே இல்லாத பெயரை டிர்நேமிடம் கொடுத்தால் ஒற்றைப் புள்ளி வரும். இப்போது நிற்கிற இடம் என்று அர்த்தம். அப்படி ஒரு கோப்பு நிஜமாக இருக்கிறதா என்று இரண்டுமே எட்டிப் பார்ப்பதில்லை. எழுத்தை வெட்டுவதோடு சரி.

விண்டோஸில் கோடு எதிர்ப்பக்கம் சாய்ந்திருக்கும். 1983-இல் எம்எஸ்-டாஸ் 2.0-க்குள் கோப்புறைகள் வந்தபோது, வழக்கமான சாய்கோடு ஏற்கெனவே வேறு வேலைக்குப் போயிருந்தது. அந்த வம்பு இன்னும் தீரவில்லை.

என் வம்புக்கு வருகிறேன். ஓர் அம்மா தோட்டத்துக் கோயில் படங்களை ஸ்கேன் செய்யக் கொடுத்தார். 'மாரியம்மன் காவடி', 'மாரியம்மன் தீமிதி', 'மாரியம்மன் தேர்' என்று நடுவில் இடைவெளி விட்டுப் பெயர் வைத்தேன். மொத்தமாக நகலெடுக்கச் சின்ன ஸ்கிரிப்ட் (கட்டளைத் தொகுப்பு) ஒன்றும் எழுதினேன். அதில் பேஸ்நேமுக்குக் கொடுக்கும் பெயரைச் சுற்றி மேற்கோள்குறி போட மறந்துவிட்டேன். இடைவெளியில் பெயர் இரண்டாக உடைந்தது. பின்பாதியை நறுக்க வேண்டிய வால் என்று அது எடுத்துக்கொண்டது. அப்படி வால் இல்லாததால் ஒன்றையும் நறுக்காமல், பிழை என்றும் சொல்லாமல், மூன்று படத்துக்கும் 'மாரியம்மன்' என்றே பெயர் கொடுத்தது. ஒன்றின்மேல் ஒன்று ஏறி, தேர் மட்டும் மிஞ்சியது.

"தம்பி, எங்க வீட்டுக்காரர் எடுத்த காவடி எங்கப்பா?" என்று அந்த அம்மா கேட்டபோதுதான் எனக்கே தெரிந்தது. நல்லவேளை, மூலப் படங்கள் பத்திரமாக இருந்தன. மேற்கோள்குறி போட்டு மறுபடி ஓட்டினேன். காவடி மறுநாள் அவர் கைக்குப் போனது.