பீரோவில் பூட்டி வைக்காதீர்கள்

"சாயங்கால நேரத்தில் சாவுப் பேச்சா சார்?" என்று வாசலிலேயே ஒருவர் கேட்டுவிட்டார். சாவைப் பற்றி இல்லை ஐயா, அதற்கு முந்தைய பத்து நாளைப் பற்றித்தான் பேச வந்திருக்கிறேன். அந்த நாட்களில் எந்தச் சிகிச்சை வேண்டும், எது வேண்டாம் என்று நாமே முன்கூட்டி எழுதி வைக்கும் காகிதம், 'லிவிங் வில்' என்பார்கள், அதைப் பற்றி.

என் அப்பாவுக்கு அது பதினோரு நாள். முற்றிய புற்றுநோய், டாக்டர்களே கைவிரித்தாயிற்று. ராத்திரி இரண்டு மணிக்கு ஐசியு வராந்தாவில் ஒரு ஃபாரத்தை நீட்டி, வென்டிலேட்டர் வைக்கலாமா, கையெழுத்துப் போடுங்கள் என்றார்கள். அண்ணன் வைக்கச் சொன்னான், அக்கா வேண்டாம் என்று அழுதாள், கடைசியில் நான் போட்டேன். வீட்டு வரி முதல் மாப்பிள்ளை பார்ப்பது வரை எல்லாம் பேசிய வீடு, அப்பாவுக்கு இதில் என்ன விருப்பம் என்று மட்டும் யாரும் கேட்டதில்லை.

சரி, சட்டத்துக்கு வருவோம். கண்ணியத்தோடு சாவதும் அரசியல் சட்டத்தின் 21ஆவது பிரிவுக்குள் அடக்கம் என்று 2018 மார்ச் 9 அன்று உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் சொன்னார்கள். லிவிங் வில்லை முன்கூட்டியே எழுதி வைக்கலாம், ஆனால் மாஜிஸ்திரேட் கையெழுத்து வேண்டும் என்றது அந்தத் தீர்ப்பு. இதற்காகக் கோர்ட் படி ஏற யார் தயார்? 2023 ஜனவரியில் அதைத் தளர்த்திவிட்டார்கள். இப்போது இரண்டு சாட்சிகள் முன்னால் கையெழுத்துப் போட்டு, நோட்டரியிடமோ கெஜட்டட் அதிகாரியிடமோ சான்று வாங்கினால் போதும்.

இது சொத்து உயில் இல்லை. கருணைக்கொலையும் இல்லை, யாரும் ஊசி போட்டு முடித்துவிட மாட்டார்கள். நெஞ்சுவலி என்று போனால் வைத்தியம் பார்க்காமல் விட்டுவிடுவார்களோ என்ற பயமும் வேண்டாம். நோய் தீராது என்றாகி, நாமும் வாய் திறந்து சொல்ல முடியாத நிலையில்தான் அந்தக் காகிதத்தை எடுப்பார்கள். அப்போதும் மூன்று டாக்டர்கள் கொண்ட குழு பார்த்து, அப்புறம் இன்னொரு குழுவும் பார்த்து ஒப்புக்கொள்ள வேண்டும். வலிக்கான மருந்தைக் கடைசி வரை நிறுத்த மாட்டார்கள். மனசு மாறினால் எப்போது வேண்டுமானாலும் எழுத்தில் ரத்து செய்துகொள்ளலாம்.

கஷ்டமான இடம், நம் சார்பில் பேசப் போகிறவர் யார் என்று பெயர் எழுதுவது. ஒருவருக்கு மேலும் எழுதலாம். பாசம் அதிகம் உள்ள பிள்ளையை எழுதாதீர்கள் என்பேன், கோபித்துக்கொள்ள வேண்டாம், அந்த வராந்தாவில் அவனுக்குத்தான் கை நடுங்கும். நான் என் இளைய மகளை எழுதினேன். மூத்தவன் இரண்டு வாரம் போனை எடுக்கவில்லை. அப்புறம் அவனே கூப்பிட்டு, "மூக்கில் டியூப் வேண்டாம்னு எழுதியிருக்கீங்களே, ஏம்ப்பா?" என்று கேட்டான். அன்றைக்குத்தான் நாங்கள் இருவரும் ஒன்றரை மணி நேரம் பேசினோம்.

நகல் நாலைந்து எடுத்துக்கொள்ளுங்கள். குடும்ப டாக்டரிடம் ஒன்று, பிள்ளைகளிடம் ஆளுக்கொன்று. உள்ளாட்சியில் இதற்கான அதிகாரிக்கும் ஒன்று போக வேண்டும். என் வீட்டுப் பிரதி ஃப்ரிட்ஜ் மேல் ஒரு கவரில் இருக்கிறது. பீரோவில்தான் முதலில் வைத்தேன், சாவி இருக்கும் இடம் எனக்கு மட்டும்தான் தெரியும் என்பது ஒரு வாரம் கழித்துத்தான் உறைத்தது.