தீ வைக்க ஒரு சட்டம்

வணக்கம். கொஞ்சம் மூச்சு வாங்குகிறது, ஏற்றம் அதிகம். கலிஃபோர்னியாவின் சிகோயா தேசியப் பூங்காவில் நிற்கிறேன். பின்னால் இருக்கும் சிகோயா மரத்தைப் பாருங்கள், அடியில் கரி பிடித்திருக்கிறது. மரம் நன்றாகத்தான் இருக்கிறது. பட்டையே இரண்டு அடி வரை தடிக்கும். தீயின் சூடு பட்டால்தான் இதன் காய் நன்றாக விரிந்து விதை கொட்டும். சருகு எரிந்து மண் தெரிந்தால்தான் விதை பிடிக்கும். பல காலம் எல்லாத் தீயையும் அணைத்துப் பார்த்தார்கள், கன்றே முளைக்கவில்லை. அதனால் 1968 முதல் பூங்காக்காரர்களே திட்டமிட்டுத் தீ வைக்கிறார்கள்.

எல்லா இடத்திலும் அப்படி எரிக்க முடியவில்லை. சருகும் புதரும் சேர்ந்துகொண்டே போயின. 2020-இல் வந்த ‘காசில்’ என்ற காட்டுத்தீ, சியரா நெவாடா மலைத்தொடரின் பெரிய சிகோயாக்களில் 10 முதல் 14 சதவீதத்தைக் கொன்றது. அந்த செப்டம்பரில் சான் பிரான்சிஸ்கோ பே ஏரியாவில் காட்டுத்தீப் புகையால் பட்டப்பகலில் வானம் ஆரஞ்சு நிறமானதே, நினைவிருக்கிறதா? நான் விளக்குப் போட்டுக்கொண்டு சமைத்தேன்.

சரி, சட்டத்துக்கு வருகிறேன். தீ வைக்கத் தெரிந்தவர்களே ஏன் தயங்குகிறார்கள்? கை மீறிப் போனால் அணைக்கிற செலவு அவர்கள் தலையில் விழும். 2021-இல் மாநிலம் இதை மாற்றியது. பயிற்சி பெற்றவர் அனுமதியோடு முன்னின்று எரித்தால், படுமோசமான அலட்சியம் இருந்தால் மட்டுமே அந்தச் செலவைக் கேட்கலாம். 2024-இல், பூர்வகுடிகள் மரபுப்படி எரிக்க மாநிலத்தோடு ஒப்பந்தம் போட்டுக்கொள்ள வழி வந்தது. கரூக், யுரோக் மக்கள் கூடை பின்னும் ஹேசல் குச்சி நேராக வளரவே காட்டை எரித்தவர்கள். புல்வெளிக்குத் தீ வைத்தால் தண்டனை என்று 1850-இல் அவர்களுக்குச் சட்டம் போட்டதும் இதே கலிஃபோர்னியாதான்!

பணமும் இருக்கிறது. 2024 நவம்பரில் வாக்காளர்கள் ஒப்புக்கொண்ட 1,000 கோடி டாலர் கடன் பத்திரத்தில் 150 கோடி காட்டுத்தீத் தடுப்புக்கு, 120 கோடி உயிரினங்களின் வாழிடத்துக்கு.

எனக்கு உறுத்துவது ‘ஃபிக்ஸ் அவர் ஃபாரஸ்ட்ஸ்’ (நம் காடுகளைச் சரிசெய்வோம்) மசோதா. 2025 ஜனவரியில், லாஸ் ஏஞ்சலஸ் எரிந்துகொண்டிருந்தபோதே, அமெரிக்கக் கீழவையில் 279-க்கு 141 என்று தேறியது. விரிவான சுற்றுச்சூழல் ஆய்வு இல்லாமலே காட்டில் 10,000 ஏக்கர் வரை தீத்தடுப்பு வேலை செய்யலாம் என்கிறது. புதரை வெட்டி எரிக்க அந்த வேகம் வேண்டும்தான். ஆனால் அதே வாசல் வழியாக மரம் ஏற்றும் லாரியும் நுழையலாமே? புள்ளி ஆந்தை கூடு வைப்பது பெரிய, வயதான மரங்களில். எத்தனை தடிமன் மரம் வரை தொடலாம் என்று மசோதாவிலேயே எழுதட்டும், அப்புறம் நான் வாயைத் திறக்கவில்லை.

இன்னொரு சட்டம் என் வீட்டு வாசலுக்கே வருகிறது. கலிஃபோர்னியாவின் காட்டுத்தீ அபாயப் பகுதிகளில் வீட்டுச் சுவரிலிருந்து ஐந்து அடிக்குள் எளிதில் தீப்பிடிப்பது எதுவும் கூடாது என்று 2020-இலேயே சொல்லிவிட்டார்கள். செடி வைக்கலாமா கூடாதா என்ற சண்டையில் விதிகள்தான் ஆண்டுக்கணக்கில் இழுத்தன. என் ஜன்னலடியில், அம்மா வந்திருந்தபோது நட்ட மல்லிகை இருக்கிறது. சுவரிலிருந்து மூன்று அடி. போன வாரம் வீடியோ காலில், “பூ வைத்துவிட்டதா?” என்று கேட்டார். வைத்துவிட்டது என்று மட்டும் சொன்னேன்.