துடைப்பத்தில் போன கிரீடம்

வணக்கம் நேயர்களே. படம் காட்ட முடியாத வானொலியில், பேச்சே இல்லாத ஒரு படத்தைப் பற்றிப் பேசச் சொல்லியிருக்கிறார்கள். சரி, முயன்று பார்க்கிறேன்.

பிரான்சில் எடுத்து 1928இல் வெளிவந்த 'தி பேஷன் ஆஃப் ஜோன் ஆஃப் ஆர்க்' அந்தப் படம். இயக்கியவர் டென்மார்க்காரரான கார்ல் தியோடர் டிரையர். பிரான்சுக்காகப் படை நடத்திய குடியானவப் பெண் ஜோன், ஆங்கிலேயர் கையில் சிக்கி, 1431இல் ரூவான் நகரில் எரிக்கப்பட்டாள். சரித்திரப் படம் என்றதும் குதிரையும் வாளும் கண்முன் வரும். இதில் போர்க்களமே கிடையாது. மாதக்கணக்கில் நடந்த விசாரணையை ஒரே நாளாகச் சுருக்கி, முகங்களாகவே காட்டுகிறார். ஒப்பனை இல்லாத முகங்கள்: நீதிபதிகளின் மரு, சுருக்கம், தெறிக்கும் எச்சில் எல்லாம் தெரியும்.

இதற்காகக் காசைக் கொட்டிப் பெரிய கோட்டை அரங்கம் போட்டிருந்தார்கள். படத்திலோ அது துண்டு துண்டாகத்தான் தென்படுகிறது. பணம் போட்டவர்களுக்கு வயிறு எரிந்திருக்கும்! என்னைக் கேட்டால் அது வீண்செலவு இல்லை. நடிகர்கள் நிஜச் சுவர்களுக்குள் நிற்பது அவர்கள் முகத்திலேயே தெரிகிறது.

ஒரு காட்சியை மட்டும் சொல்கிறேன். சிறையில் ஜோன் வைக்கோலைப் பின்னி ஒரு கிரீடம் செய்கிறாள். காவலர்கள் அதை அவள் தலையில் வைத்துக் கேலி செய்கிறார்கள். அப்புறம் தீக்குப் பயந்து, குற்றத்தை ஒப்புக்கொள்ளச் சொல்லி நீட்டிய தாளில் கையெழுத்துப் போட்டுவிடுகிறாள். தலையை மழிக்கிறார்கள், நடிகை ஃபால்கொனெட்டியின் சொந்த முடிதான். கீழே விழுந்த முடியை ஒருவன் பெருக்கும்போது, அந்தக் கிரீடமும் குப்பையோடு குப்பையாகப் போகிறது. ஜோன் அதைப் பார்க்கிறாள். முகம் மாறுகிறது. நீதிபதிகளைத் திரும்ப அழைக்கச் சொல்கிறாள். கையெழுத்துப் போட்டது தப்பு என்கிறாள். சாவது உறுதி என்று தெரிந்தேதான். ஏன் மனம் மாறினாள் என்று, பேச்சுக்குப் பதில் இடையிடையே வரும் எழுத்து அட்டை எதுவும் விளக்குவதில்லை. துடைப்பத்தைக் காட்டியதோடு சரி.

படத்துக்கும் பாடுதான். தணிக்கையில் வெட்டு வாங்கியது. மூல நெகட்டிவ் அந்த 1928லேயே பெர்லினில் தீக்கிரையானது. ஒரே காட்சியைத் திரும்பத் திரும்ப எடுத்ததில் மிச்சமிருந்த வேறு டேக்குகளை வைத்து டிரையர் மறுபடி தொகுத்தார். அதையும் நெருப்பு விடவில்லை. கடைசியில் 1981இல், நார்வேயின் ஆஸ்லோ பக்கம் ஒரு மனநல மருத்துவமனையில், வெட்டுப்படாத பிரதி ஒன்று பெட்டிகளில் கிடைத்தது. இன்று நாம் பார்ப்பது அதைத்தான்.

கிடைத்தால் பாருங்கள். முதல் தடவை இசையை அணைத்துவிடுங்கள். அது பிறகு மற்றவர்கள் சேர்த்தது.